பழைய லோடு வண்டி வாங்கப் போகிறீர்களா, இன்ஜினைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். அவிநாசிப் பக்கம் பிளம்பிங்கும் போர் மோட்டார் சர்வீஸும் பார்க்கிற ஒரு தம்பி, கூட இரண்டு ஆட்கள், இதுவரை பைக்கிலும் அவசரத்துக்கு வாடகைக் குட்டி யானையிலும் சமாளித்தவர், இப்போது 3 லட்சத்துக்குள் சொந்தமாக ஒரு பழைய வண்டி எடுக்கப் பார்க்கிறார். மூன்று வண்டி பார்வையில் இருக்கிறதாம்: காய்கறி லோடு ஓடிய 2014 டாடா ஏஸ் டீசல், இரண்டு கை மாறிய 2012 அசோக் லேலண்ட் தோஸ்த், பனியன் கம்பெனிக்கு ஓடிய 2019 மாருதி சூப்பர் கேரி பெட்ரோல். "மூணுலயும் எது இன்ஜின் நல்லா இருக்கோ அதை எடுத்துடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

எடுக்காதீர்கள் தம்பி. அதாவது, இன்ஜினை வைத்து முடிவு செய்யாதீர்கள். சின்ன லோடு வண்டிகளில் இன்ஜின்தான் காசு கொடுத்தால் சரியாகிவிடுகிற ஒரே பெரிய சமாச்சாரம். ஏஸ் இன்ஜினைப் பிரித்துச் செய்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர் மெக்கானிக் டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார், அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேட்கவும் செய்யலாம். ஆனால் உங்கள் பைப்புக்கு நீளம் போதாத வண்டியை, சேசிஸ் (அடிச்சட்டம்) கீறல் விட்ட வண்டியை, ஆர்சியில் வேறு யாரோ பெயர் தொங்கும் வண்டியை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. எல்லோரும் போனவுடன் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதை வைத்துக் கேட்கிறார்கள். விற்கிறவருக்கும் அது தெரியும், அதனால் அவர் செலவு செய்வதும் அங்கேதான்.

முதலில் உங்கள் லோடு என்ன என்று எழுதிப் பாருங்கள். போன மாசம் ஒரு நாள் 30 மூட்டை சிமெண்ட் ஏற்றினேன் என்பது கணக்கில்லை, வாரத்தில் நாலைந்து நாள் வண்டியில் என்ன இருக்கும் என்பதுதான் கணக்கு. போர் மோட்டார் வேலைக்கு செயின் பிளாக், முக்காலி, கயிறு, கேபிள் சுருள், பேனல் போர்டு, டூல் பெட்டி, சில நாள் பழைய மோட்டார், 10 அடிக் காலம் பைப் (போர்க்குழிக்குள் மோட்டாரைத் தொங்கவிடும் column பைப்) கொஞ்சம். பிளம்பிங் பக்கம் ஃபிட்டிங்ஸ் மூட்டை, டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின். எல்லாம் சேர்ந்தாலும் 400 கிலோவைத் தாண்டுகிற நாள் அபூர்வம். ஏஸ், சூப்பர் கேரி இரண்டுமே கம்பெனிக் கணக்கில் முக்கால் டன்னை ஒட்டித் தாங்குபவை, அதாவது 50 கிலோ சிமெண்ட் மூட்டையில் 15. தோஸ்த் ஒன்றேகால் டன். பொலேரோ பிக்கப் மாடலைப் பொறுத்து 1.3 டன்னிலிருந்து 1.7 டன் வரை. உங்கள் தினசரி லோடுக்கு ஒன்றேகால் டன் வண்டி தேவையே இல்லை. மாசத்தில் ஒன்றிரண்டு நாள் டைல்ஸும் சிமெண்டும் ஏற்றுவதற்காக மீதி நாளெல்லாம் பெரிய வண்டிக்கு எண்ணெய் ஊற்றுவதைவிட, அந்த ஒன்றிரண்டு நாளுக்கு வாடகை வண்டி பேசிக்கொள்வதே லாபம். டைல்ஸ் கடைக்காரர் பாதி நேரம் அவரே இறக்கிக் கொடுத்துவிடுகிறார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடையைவிட உங்களுக்குத் தலைவலி நீளம். ஏஸின் பாடி உள்நீளம் சுமார் 2200 மி.மீ., அகலம் 1490 மி.மீ.; சூப்பர் கேரியும் ஏறக்குறைய அதே அளவுதான், 2183க்கு 1488. அடியில் சொன்னால் ஏழேகால் அடிக்கும் ஒரு விரல் குறைவு. 8க்கு 4 பிளைவுட் ஷீட்டைப் போட்டால் முக்கால் அடி வெளியே நீட்டும், பின்கதவை மூட முடியாது. 10 அடிக் காலம் பைப்பைக் கீழே படுக்கப் போட முடியாது, கேபினுக்கு மேலே கேரியர் அடித்து அதன்மேல் சாய்த்துக் கட்ட வேண்டும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். 20 அடி ஜிஐ பைப் என்றால் கதையே வேறு. வண்டியின் மொத்த நீளமே 3.8 மீட்டர், பைப் 6 மீட்டர். முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டு போவதைத் தினம் பார்க்கிறோம், பழகிவிட்டது, ஆனால் 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 194ஆம் பிரிவின்படி பாடிக்கு வெளியே சரக்கு நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம். அதிக பாரத்துக்கும் தனியாக 20,000, அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், இருட்டில் பின்னால் வருகிற பைக்காரனுக்கு அந்தப் பைப் முனை கண்ணில் படாது. 20 அடி பைப்பைக் கடையிலேயே டெலிவரி கேளுங்கள், இல்லையென்றால் அளவு கொடுத்து வெட்டி வாங்குங்கள். அந்த ஒரு சரக்கை மனதில் வைத்து வண்டி தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் டாடா 407 லாரி வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

வெல்டிங், அலுமினியப் பார்ட்டிஷன், கார்ப்பெண்டர் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு எட்டடி ஷீட் தினசரிச் சரக்கு. தோஸ்த்தின் பாடி எட்டடிக்குக் கொஞ்சம் கூடுதல், கதவை மூடி ஷீட்டைப் படுக்கப் போடலாம், அவர்களுக்கு அந்த வண்டி பொருத்தம்.

ஆட்கள் விஷயத்தைக் கேள்வியில் ஓரமாகச் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நீங்கள் மூன்று பேர். ஏஸிலும் சூப்பர் கேரியிலும் டிரைவரோடு சேர்த்து இரண்டு சீட். மூன்றாவது ஆள் பின்னால் பைப்பின் மேல் உட்கார்ந்து வருவதுதான் நடைமுறை, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது குற்றம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இன்சூரன்ஸ் பக்கம் யோசித்துப் பாருங்கள். பாலிசியில் எத்தனை பேருக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறதோ அத்தனை பேர், அதுவும் கேபினுக்குள் இருந்தால்தான் பேச்சு. பின்னால் உட்கார்ந்தவர் விழுந்து கால் போனால் ஆஸ்பத்திரிச் செலவும் நஷ்டஈடும் உங்கள் தலையில். அதனால் ஒன்று, மூன்றாவது ஆள் பைக்கில் வரட்டும் (எப்படியும் மறந்துபோன எல்போவும் டெஃப்லான் டேப்பும் வாங்க ஒரு பைக் வேண்டும், அது இல்லாமல் எந்த பிளம்பிங் சைட்டும் முடிந்ததில்லை). அல்லது ஆர்சியில் சீட்டிங் மூன்று என்று போட்டிருக்கும் வண்டியாகப் பாருங்கள். ஐந்து பேர் உட்காரும் பொலேரோ கேம்பர் ஆள் கூட்டமுள்ள கான்ட்ராக்டருக்கு நல்ல வண்டி, ஆனால் கேபின் நீண்டதால் பின்பாடி சிறுத்துவிடும், உங்கள் காலம் பைப்புக்கு அது இன்னும் மோசம்.

மூடிய வண்டி எடுக்கலாமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். நிறைய எலக்ட்ரீஷியன்கள் மாருதி ஈக்கோ வேன் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மெஷினும் காப்பர் வயரும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம், மழைக்குத் தார்ப்பாய் தேட வேண்டாம், வெள்ளை போர்டு (சொந்த உபயோகப் பதிவு) என்றால் வருஷா வருஷம் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) நிற்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பழநிக்கும் போகலாம். சொந்த டூல் பெட்டியை அதில் வைத்துப் போவதை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பின் சீட்டையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளை போர்டில் சரக்கு வண்டியாக ஓட்டினால் அது ஆர்சியில் இருக்கிற வண்டி இல்லை, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் பிடிக்கிற முதல் இடம் அதுதான். சரக்கு வண்டியாகவே பதிவான ஈக்கோ கார்கோ இருக்கிறது, அதைத் தேடலாம். ஆம்னி வேண்டாம். 2019இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், இப்போது கிடைப்பதெல்லாம் அடித்தளம் துருப்பிடித்தவை, முன்னால் இடித்தால் தடுக்க டிரைவர் முழங்காலைத் தவிர வேறொன்றும் இல்லை. உங்கள் வேலையில் சேறும் கிரீஸும் படிந்த முக்காலியைத் தினமும் ஏற்றி இறக்க வேண்டியிருப்பதால் திறந்த பாடிதான் சௌகரியம். பூட்டுப் போடுகிற மாதிரி ஒரு இரும்புப் பெட்டியைக் கேபினை ஒட்டிப் பாடியில் போல்ட் போட்டுக்கொண்டால் மெஷின்கள் பத்திரம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பழைய லோடு வண்டியில் கிலோமீட்டர் மீட்டரைப் பார்ப்பது வீண். அது எத்தனை ஓடியது என்பதைவிட எதை ஏற்றி ஓடியது என்று கேளுங்கள். ஒரே வருஷத்தில் ஷோரூமை விட்டு வெளியே வந்த இரண்டு ஏஸ், ஒன்று திருப்பூரில் பனியன் பண்டலும் இன்னொன்று காசிமேட்டில் மீன் பெட்டியும் ஏற்றியிருந்தால் பத்து வருஷம் கழித்து இரண்டும் வேறு வேறு வண்டிகள். பனியன், தெர்மோகோல், காலி அட்டைப்பெட்டி, பேக்கரி சரக்கு, இவையெல்லாம் இடத்தை அடைக்குமே தவிர எடை கிடையாது. அப்படி ஓடிய வண்டியில் மீட்டர் ஒன்றரை லட்சம் காட்டினாலும் எனக்குப் பயமில்லை. மீன் வண்டி மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்: ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் பாடி இடுக்கு வழியே சேசிஸில் வருஷக்கணக்கில் சொட்டியிருக்கும். தண்ணீர் கேன் வண்டியும் பாடித் தரையைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட அதே ரகம், உப்பு மட்டும் இல்லை. எம்-சாண்ட், செங்கல், ஹாலோ பிளாக் அடித்த வண்டி என்றால் 15 மூட்டை கணக்கு வண்டியில் 25, 30 மூட்டை எடையைத் தினமும் சுமந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் கிளட்ச், கிரவுன் (பின் அச்சின் பல்சக்கரம்), பின் ஹப் எதையும் நம்ப முடியாது.

காய்கறி வண்டி கொஞ்சம் சிக்கலான ரகம். ஒட்டன்சத்திரம் மாதிரி மார்க்கெட்டுக்கு ராத்திரி கிளம்பி விடியற்காலை திரும்புகிற ஓட்டம். நீண்ட தூரம் சீராக ஓடுவதால் இன்ஜின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், நீங்கள் பார்த்த ஏஸ் காதுக்கு நன்றாகக் கேட்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் தக்காளிப் பெட்டியை அடுக்குகிறவர்கள் கேபின் உயரத்தோடு நிறுத்துவதில்லை. அந்தப் பாரத்தில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடி வாங்குவது இன்ஜின் இல்லை, பட்டையும் (பாரத்தைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) அது சேரும் சேசிஸும். பால் வண்டி, கேஸ் சிலிண்டர் வண்டி இரண்டும் நடுத்தரம். தினமும் ஒரே ரூட், ஒரே எடை, பெரும்பாலும் ஒரே டிரைவர். நின்று நின்று போவதால் கிளட்சும் பிரேக்கும் மட்டும் தேய்ந்திருக்கும், அது சின்னச் செலவு.

இதை விற்கிறவர் சொல்ல மாட்டார், வண்டி சொல்லும். பாடித் தரையை நன்றாகப் பாருங்கள். ஒரே இடத்தில் வட்ட வட்டமாகத் தேய்ந்த தடம் இருந்தால் சிலிண்டரோ டிரம்மோ ஏறிய வண்டி. பக்கக் கதவுகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தால் மணலோ ஜல்லியோ ஏறியிருக்கிறது. பாடித் தரைக்கு மேல் புதிதாகச் செக்கர் பிளேட் அடித்திருந்தால், கீழே என்ன மறைத்திருக்கிறார்கள் என்று அடியிலிருந்து பாருங்கள்.

அடியில் பார்ப்பதைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை, வேட்டி அழுக்காகிவிடும் என்று குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஒரு பழைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடியுங்கள். பின்பக்கப் பட்டையின் இரு முனையும் சேசிஸோடு சேரும் பிராக்கெட் இருக்கும், முதலில் அங்கே. கசடைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்: பிராக்கெட் ஓரத்தில் மெல்லிய ஒரு கோடு, அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கிச் செம்பழுப்பாகக் கறை இறங்கியிருந்தால் அது பெயின்ட் வெடிப்பு இல்லை, சேசிஸ் கீறல். நகத்தைக் குறுக்கே இழுத்தால் நகம் தட்டி நிற்கும். அதே இடத்தில் வெல்டிங் மேடு இருந்தாலும், சேசிஸின் மேல் கூடுதல் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தாலும் அதே அர்த்தம்தான். அடுத்து பட்டைகளை எண்ணுங்கள், இடமும் வலமும் ஒரே எண்ணிக்கையா, எல்லாம் ஒரே வயதுத் துருவா என்று. ஒன்று மட்டும் தடிமன் மாறியோ புதுசாகவோ இருந்தால் கூடுதல் பட்டை சேர்த்து ஓவர்லோடு அடித்த வண்டி. வண்டிக்கு அடியில் மட்டும் பளபளவென்று புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் என்னைப் பொறுத்தவரை அங்கேயே பேச்சு முடிந்தது. வெளியே டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடிப்பது விற்பனைக்காக, அதைப் புரிந்துகொள்ளலாம். அடியில் எதற்கு அடிக்கிறார்கள்?

அப்படியே சேசிஸ் நம்பரைத் தேடிப் பிடியுங்கள், அது இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும். ஆர்சியோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பாருங்கள். துரு தின்று இரண்டு எழுத்து விழவில்லை என்றால் எஃப்சிக்குப் போகும்போதும் பெயர் மாற்றும்போதும் அலைச்சல் உங்களுக்கு. எழுத்துகள் ஒரே வரிசையில் இல்லாமல் ஏறி இறங்கி இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதும் ஒரு கேள்வி. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி, இவற்றில் மூழ்கிய வண்டிகள் கழுவி துடைத்துப் பல ஊர்களுக்குப் போயிருக்கும். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள், கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை இருக்கும், அதைக் கழுவ யாருக்கும் ஞாபகம் வராது. டேஷ்போர்டுக்கு அடியில் வயர் சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருப்பதும் அடையாளம்.

அடுத்து பேப்பர். பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் ஆப்பிலோ வண்டி நம்பரைப் போட்டால் எஃப்சி, இன்சூரன்ஸ், வரி எந்தத் தேதி வரை, ஃபைனான்ஸ் யார் பெயரில், எத்தனையாவது ஓனர் எல்லாம் வந்துவிடும். இ-சலான் பாக்கியைத் தனியாகப் பாருங்கள், லோடு வண்டிகளில் அது சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும். ஆர்சியில் எச்பி (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு) இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியும் (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) அந்தப் பதிவை நீக்க அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். "கடன் முடிஞ்சிருச்சுங்க, லெட்டர் மட்டும் வரணும்" என்று சொல்கிற வண்டிக்கு, லெட்டர் வந்த பிறகு நாமும் போகலாம். ஆர்சியில் இருக்கும் ஆளை நேரில் பாருங்கள். புரோக்கர் கையில் வெறுமனே கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்கள் (பெயர் மாற்றத்துக்கானவை) இருந்தால் நடுவில் எத்தனை பேர் பெயர் மாற்றாமல் ஓட்டினார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். கேரளா, கர்நாடகா, புதுச்சேரி நம்பர் வண்டி மலிவாகத் தெரியும், அந்த மாநில என்ஓசியும் இங்கே மறுபடி கட்டும் வரியும் சேர்த்துக் கூட்டிவிட்டுப் பேசுங்கள்.

எஃப்சி பற்றி இரண்டு வரி. எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன்பிறகு வருஷா வருஷம். 15 வயது தாண்டிய வண்டிகளுக்குக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் பல மடங்கு ஏற்றினார்கள். 2012 தோஸ்த் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது, 2019 வண்டிக்கு அது ரொம்பத் தூரம். எஃப்சி கையில் இருப்பதற்கும் வண்டி நன்றாக இருப்பதற்கும் சம்பந்தம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, நீங்கள் பார்க்கிற மூன்றும் அதற்குள்தான். பெரிய பிக்கப் பக்கம் போனால் ஆர்சியில் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸில் பேட்ஜ் (வாடகை, சரக்கு வண்டி ஓட்டத் தனி அனுமதி) வேண்டுமா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள்: கார் ஓட்டுகிற எல்எம்வி லைசென்ஸே 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குப் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது.

இப்போது இன்ஜின். காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். ஏஸிலும் சூப்பர் கேரியிலும் இன்ஜின் சீட்டுக்கு அடியில், சீட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜின் ஒரே செல்ஃபில் பிடிக்க வேண்டும். ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள், லேசாகக் காற்று வந்தால் பரவாயில்லை, ரயில் மாதிரி புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங் போய்விட்டது. நீலப்புகை ஆயில் எரிகிறது, விடாத கறும்புகை டீசல் பக்கம் வேலை, சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகையும் குறைகிற கூலன்ட்டும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட். ஏஸின் பழைய 702 சிசி இரட்டைச் சிலிண்டர் டீசல் ஆடி நடுங்கித்தான் ஓடும், அது பிறவிக் குணம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பதைக் காலி வண்டியில் செய்யாதீர்கள். பக்கத்துக் கடையில் சொல்லி எட்டுப் பத்து மூட்டை எதையாவது ஏற்றச் சொல்லுங்கள், தயங்கினால் அதுவே பாதி பதில். ஒரு மேம்பாலம் ஏற்றி, நடுவில் நிறுத்தி மறுபடி எடுங்கள். கிளட்ச் நாற்றம், இரண்டாவது கியர் தானாக விழுவது, ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஊளையிடும் கிரவுன் சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பது, எல்லாம் பாரத்தில்தான் வெளியே வரும். நேர் ரோட்டில் உங்கள் ஆள் ஒருவர் பைக்கில் பின்னால் வரட்டும். முன் சக்கரம் ஒரு கோட்டிலும் பின் சக்கரம் ஒரு கோட்டிலுமாக வண்டி சாய்ந்து போனால் சேசிஸோ அச்சோ நேராக இல்லை.

பெட்ரோலா டீசலா என்பதற்கு உங்கள் ஓட்டம்தான் பதில். மாசம் 1000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, லிட்டருக்கு 12 கொடுக்கும் வண்டிக்கும் 17 கொடுக்கும் வண்டிக்கும் வித்தியாசம் சுமார் 24 லிட்டர். உங்கள் பெரிய வண்டி ஆசைக்கு மாசா மாசம் கட்டும் வாடகை அது. டீசல் சிக்கனம் தெரிய வேண்டும் என்றால் தினமும் நூறு கிலோமீட்டராவது ஓட வேண்டும், சைட்டிலிருந்து சைட்டுக்கு நாலைந்து கிலோமீட்டர் ஓடி நிற்கும் உங்கள் வேலைக்குப் பெட்ரோலே நிம்மதி. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 டீசல் எதையாவது யாராவது காட்டினால், அதில் டிபிஎஃப் (புகைக்கரியை வடிகட்டும் ஃபில்டர்) இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் குட்டி ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்வதும் மாற்றுவதும் சின்னச் செலவில்லை. சிஎன்ஜி வண்டி என்றால் சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

கடன் போடுவதாக இருந்தால் ஃபிளாட் வட்டியில் (அசல் குறைந்தாலும் முதல் தொகைக்கே கடைசி வரை போடும் வட்டி) ஏமாறாதீர்கள். 2 லட்சத்துக்கு 12 சதவீத ஃபிளாட், மூன்று வருஷம் என்றால் வட்டி 72,000, மாசம் 7,556. கேட்க 12 என்று இருந்தாலும், நீங்கள் மாசா மாசம் அசலைத் திருப்பிக்கொண்டே வருவதால் உண்மையில் 21 சதவீதத்தை ஒட்டி வருகிறது. நகைக்கடன் இதைவிடக் குறைவாகக் கிடைத்தால் அதைப் பாருங்கள். கையில் இருப்பதில் எல்லாவற்றையும் வண்டிக்கே கொட்டிவிடவும் வேண்டாம், இன்ஜின், கியர், கிரவுன் மூன்றுக்கும் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஷூ, வீல் பேரிங் கிரீஸ், பேட்டரி, தேவைப்பட்டால் இரண்டு டயர் என்று வாங்கிய மாசமே ஒரு 30,000 போய்விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2321 என்றால் 2021ஆம் வருஷம் 23ஆம் வாரம். பட்டன் (டயர் மேல் கட்டைகள்) நன்றாக இருந்தும் வயசான டயரை அதில் கண்டுபிடிக்கலாம்.

உங்கள் மூன்றில் நான் முதலில் போய்ப் பார்ப்பது சூப்பர் கேரியைத்தான். சரக்கு பனியன், வயசு குறைவு, பெட்ரோல், எடை உங்கள் தேவைக்குச் சரியாக இருக்கிறது. மூன்றாவது ஆள் பைக்கில் வருவதற்கு நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், கேரியர் அடிக்க வேண்டும். அடியில் படுத்துப் பார்த்து ஏதாவது இடறினால் அடுத்தது ஏஸ், அதில் இன்ஜினை விட்டுவிட்டுப் பட்டைப் பிராக்கெட்டை மட்டும் பார்த்தாலே போதும், கீறல் இல்லையென்றால் விலையை இழுத்துப் பிடித்து எடுக்கலாம், பாகங்களும் மெக்கானிக்கும் எந்த ஊரிலும் கிடைக்கும். தோஸ்த் நல்ல வண்டிதான், ஆனால் 2012, இரண்டு கை மாறியது, உங்கள் லோடுக்குப் பெரிது, அதைக் கார்ப்பெண்டர் யாருக்காவது சொல்லிவிடுங்கள்.

எதை எடுத்தாலும் பணம் கைமாறுகிற அன்றே 29, 30 கொடுத்துவிட்டு, பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, பிரீமியத்தில் அந்த வித்தியாசம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு ஒரிஜினல் ஆர்சியைப் புரோக்கரிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்து, ரசீதை வாங்கி வண்டியிலேயே வையுங்கள்.